'என் வரிப்பணம்' என்கிற நண்பனுக்கு

எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. மாலை போட்ட புது எஸ்.யூ.வி., டயருக்கடியில் எலுமிச்சம்பழம், பெரிய அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நண்பன். வாழ்த்துகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். விடுதியில் மூன்று ஆண்டுகள் என் அறையில் இருந்தவன், போடாமல் எப்படி?

அன்றிரவே பில்லையும் போட்டான். ஷோரூம் விலை 24 லட்சம். அதற்குக் கீழே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தான்: வாழ்நாள் வரி 4,80,000 ரூபாய். கூடவே ஒரு குறிப்பு. "நாம கஷ்டப்பட்டு சம்பாதிச்சு ஒரு கார் வாங்கினா அஞ்சு லட்சத்த கவர்மென்ட் புடுங்கிக்குது. எதுக்கு? ஓசி பஸ்ஸுக்கு, ஆயிரம் ரூபாய்க்கு, கோட்டாக்காரனுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்க. என் வரிப்பணத்துல ஊரே உக்காந்து சாப்பிடுது."

அதே கல்லூரியில் அந்த ஸ்காலர்ஷிப்பில் படித்தவன் நான். குழுவில் நான் இருப்பதை அவன் மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம். கோபத்தில் எதையாவது எழுதினால் "எமோஷனல் ஆகாத மச்சி" என்று இரண்டு சிரிப்புப் பொம்மைகளைப் போட்டு முடித்துவிடுவான். அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு குழுவில் போடும் நீளத்தைத் தாண்டிவிட்டது. இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல் வாழ்நாள் வரி உயர்ந்தது. அதற்கு முன் 10 லட்சம் வரையிலான காருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். இப்போது 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 15, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய கணக்கில் நண்பன் 3,60,000 கட்டியிருப்பான். இப்போது 1,20,000 அதிகம். ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையின் மேல் இந்த வரி விழுவதால் 'வரிக்கு மேல் வரி' என்று புலம்புவதும் பொய்யில்லை.

ஆனால் பில்லில் அவன் வட்டம் போடாத இடம் ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22க்கு முன் அவன் வாங்கிய மாதிரியான பெரிய எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், இழப்பீட்டுக் கூடுதல் வரி 22 சதவீதம், ஆக 50. அந்தத் தேதியிலிருந்து கூடுதல் வரி போய், மொத்தமாக 40. தொலைக்காட்சிகள் 'ஆடம்பரக் கார்களுக்கு 40 சதவீத வரி' என்று அலறிய செய்தி உண்மையில் ஒரு வரிக் குறைப்பு. நண்பனின் கார் அடிப்படை விலை ஏறத்தாழ 17 லட்சத்து 14 ஆயிரம். பழைய வீதத்தில் ஷோரூம் விலை 25 லட்சத்து 70 ஆயிரத்தைத் தொட்டிருக்கும். அங்கே ஒரு 1 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். விலை குறைந்ததால் அதன்மீதான வாழ்நாள் வரியிலும் 34 ஆயிரம் மிச்சம். மாநிலம் கூட்டிய 1,20,000-க்குச் சிவப்பு வட்டம். ஒன்றியம் குறைத்ததால் கிடைத்த 2 லட்சத்துக்குக் குழுவில் ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தது நினைவில் நிற்கிறது, வாங்கிக்கொண்டது நிற்பதில்லை. சலுகை எல்லாம் இப்படித்தான், சாதிச் சலுகை உட்பட.

இன்னொன்று. பில் அவன் பெயரில் இல்லை, அவன் அப்பாவின் அரிசி ஆலை நிறுவனத்தின் பெயரில் இருந்தது. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. வருமான வரிக் கணக்கில் கார் நிறுவனத்தின் சொத்து. வாழ்நாள் வரியையும் அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ளலாம். 24 லட்சமும் 4 லட்சத்து 80 ஆயிரமும் சேர்ந்து 28 லட்சத்து 80 ஆயிரம். அதில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். முதல் ஆண்டிலேயே 4,32,000 ரூபாய் வரை லாபக் கணக்கிலிருந்து கழித்து, அதற்கான வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மீதி மதிப்பில் இது தொடரும். அதாவது அரசாங்கம் 'புடுங்கிய' பணத்தில் ஒரு பகுதி வேறு வாசல் வழியாக வீட்டுக்குத் திரும்புகிறது. 'நாம கஷ்டப்பட்டு சம்பாதிச்சு' என்கிறானே, அந்த ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை ஒரு பொங்கல் விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓட்டிவரும் வண்டிக்குத் தேய்மானம் உண்டு. கணக்கில் அல்ல, டயரில்.

அந்த வண்டிகளின் கணக்குக்கு வருவோம். யாரும் பில்லைப் படமெடுத்துப் போடாத கணக்கு அது. அதே 2023 திருத்தத்தில் இருசக்கர வாகன வரியும் உயர்ந்தது. முன்பு 8 சதவீதம். இப்போது 1 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12.  1,10,000 ரூபாய் பைக்குக்கு முன்பு 8,800 ரூபாய், இப்போது 13,200. நண்பனின் காருக்கு வரி 15-லிருந்து 20 ஆனது, மூன்றில் ஒரு பங்கு உயர்வு. உணவு டெலிவரி செய்கிற பையனின் வண்டிக்கு 8-லிருந்து 12 ஆனது, சரியாகப் பாதி உயர்வு. யார்மீது அதிகம் ஏறியது? அந்தப் பையனின் பைக்குக்கும் 5 லட்ச ரூபாய் காருக்கும் ஒரே 12 சதவீதம். சமூகநீதி அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட அரசுதான் இதைச் செய்தது. கார்க்காரர்களின் கூச்சலில் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது என்பதுதான் என் முதல் வருத்தம். பணக்காரனின் புலம்பலுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் நாமும் 'நல்லா வாங்கட்டும்' என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டோம்.

கார் வாங்குவதே ஆடம்பரம், பேருந்தில் போ என்று நமக்கு உபதேசம் செய்கிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காலனியிலிருந்து படித்து வேலைக்குப் போன ஒரு தலைமுறை இப்போதுதான் முதல் காரை வாங்குகிறது. தவணையில், பயந்து பயந்து. அவர்கள் வாங்கும் 9 லட்ச ரூபாய் காருக்கு 90 ஆயிரமாக இருந்த வரி 1,17,000 ஆகிவிட்டது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், திருவிழாவுக்கு ஊருக்குள் தலை நிமிர்ந்து இறங்கவும் வாங்குகிற கார் அது. அதையும் நண்பனின் காரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

அடுக்கு எங்கே வைக்கப்படுகிறது என்பதும் இங்கே முக்கியம். ஒரு அடுக்கைத் தாண்டினால் முழு விலைக்கும் புதிய வீதம் விழுகிறது. 19,90,000 ரூபாய் காருக்கு 15 சதவீதத்தில் 2,98,500. அதைவிட 20 ஆயிரம் மட்டும் கூடிய 20,10,000 ரூபாய் காருக்கு 20 சதவீதத்தில் 4,02,000. விலையில் 20 ஆயிரம் வித்தியாசம், வரியில் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் இந்த ஏணி 20 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் 21 லட்சமானாலும் 5 கோடியானாலும் ஒரே வீதம். கீழே இருப்பவர்களை 5, 10, 20 என்று நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்த சட்டத்துக்கு மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தான். அடுக்கடுக்காகப் பிரித்து, உச்சியை மட்டும் கேள்வி கேட்காமல் விடும் பழக்கம் நமக்கு வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா?

மின்சாரக் காரின் கதை இதைவிட விசித்திரம். மின்வாகனங்களுக்கு 2025 இறுதி வரை 100 சதவீத சாலைவரி விலக்கு என்றது தமிழ்நாட்டின் 2023 கொள்கை. விலை வரம்பு கிடையாது. ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான், அது 1 லட்சத்து ஸ்கூட்டரானாலும் ஒன்றரைக் கோடி காரானாலும். புகையில்லா வண்டிக்குச் சலுகை தர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரைக் கோடி கொடுக்க முடிந்தவர் ஒரு பைசா வாழ்நாள் வரி கட்டாமல் போக, 80 ஆயிரத்துக்குப் பெட்ரோல் வண்டி வாங்கிய கொத்தனார் 8 ஆயிரம் கட்டிய ஆண்டுகள் இவை. கர்நாடகம் 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் போட்டது. அங்கே யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை.

இந்த இடத்தில் 2021இன் நீதிமன்றக் கதையை நினைத்துக்கொள்ளலாம். நடிகர் விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு நுழைவு வரி விலக்குக் கேட்ட வழக்கை ஜூலை மாதம் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் தள்ளுபடி செய்து ஒரு லட்சம் அபராதமும் விதித்தார். அபராதம் மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பில் இருந்த கடுஞ்சொற்கள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. அடுத்த மாதமே தனுஷின் வழக்கு. பால்காரரும் கூலித் தொழிலாளியும்கூட பெட்ரோலுக்கு வரி கட்டவில்லையா, அவர்கள் விலக்குக் கேட்டு இங்கே வருகிறார்களா என்ற பொருளில் நீதிபதி கேட்டார். சமூக வலைத்தளம் ஒரு வாரம் கொண்டாடியது. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் சேர மனமில்லை. வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்த ஏராளமானோர் இதே மாதிரி மனுப் போட்டவர்கள்தான். தலைப்புச் செய்தியானது திரையில் தெரிந்த முகங்கள் மட்டுமே. வழக்குப் போடுவது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் பால்காரர் உதாரணத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவர் உயர்நீதிமன்றத்துக்கு வராததற்குக் காரணம் வரி கட்டுவதில் உள்ள தேசபக்தி இல்லை. வரி அவரைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை. பங்கில் 100 ரூபாய்க்குப் போடும்போதே ஒன்றியத்தின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் குழாய் வழியாக இறங்கிவிடுகின்றன. லிட்டர் கணக்கில் போடும் கலால் வரிக்கு மொபெட்டும் தெரியாது, ரோல்ஸ் ராய்ஸும் தெரியாது. பில் கையில் வராத வரி என்பதால் அவரை யாரும் 'வரி கட்டுபவர்' என்று அழைப்பதில்லை.

வழக்குக்கும் போகாமல் தப்பிக்கிற வழி ஒன்று உண்டு. கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி இருந்தபோது, வரி மிகக் குறைவான புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் வெடித்தது. திரை நட்சத்திரங்கள் மீதும், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஒருவர் மீதும்கூட வழக்குப் பதிவானது. முகவரியை மாற்றினால் 20 லட்சம் மிச்சம். நம்மில் எத்தனை பேர் நகரத்தில் வாடகை வீடு கேட்கும்போது, ஊரில் எந்தத் தெரு என்ற கேள்விக்கு முன் எச்சில் விழுங்கியிருக்கிறோம்! சிலருக்கு முகவரி என்பது மாற்றிக்கொள்ளும் சட்டை. நமக்குத் தோல்.

இனி நண்பனுக்கு நான் உண்மையில் சொல்ல நினைத்தது. சாலையும் வாகனமும் வரியும் சேரும் இடத்தில் எங்களுக்கு வேறு ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதன் முதல் பக்கத்தில் 1901ஆம் ஆண்டு ஒரு மாட்டு வண்டி நிற்கிறது. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் பீமராவும் உடன் வந்த பிள்ளைகளும் கோரேகானில் இருந்த தந்தையிடம் போக வண்டி கேட்டார்கள். தீண்டத்தகாத பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இரட்டைக் கூலி, அதோடு வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் நடந்து வருவார். அம்பேத்கர் தன் தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சாதி விதித்த அந்த இரண்டாவது கூலிக்கு என்ன பெயர்? எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராத வாகன வரி அது. கட்டினாலும் சேவை கிடையாது.

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவிலும் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எந்தச் சாதியினரும் புழங்கத் தடையில்லை என்பது அதன் சாரம். அதற்குச் சரியாக எழுபது ஆண்டுகள் கழித்து, 1994இல் என் அப்பா பழைய டிவிஎஸ் 50 ஒன்றை வாங்கினார். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று முறை அலைந்து தன் பெயருக்கு மாற்றினார். காலனிக்குப் போக ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். மாரியம்மன் கோயில் முக்கு வந்ததும் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவார். என்னையும் இறக்கிவிடுவார். பள்ளிக்கூடம் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு நடப்போம். "பெட்ரோல் தீந்துருச்சாப்பா?" என்று கேட்பேன். "ஆமாப்பா, தீந்துருச்சு" என்பார். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் வண்டி கிளம்பிவிடும். அந்த ஒரு தெருவில் மட்டும் தினமும் பெட்ரோல் தீரும் அதிசயம் எனக்குப் புரிய நாலாம் வகுப்பு வரை ஆனது.

அந்தத் தெருவைப் போட்ட பணத்தில் அப்பா ஊற்றிய பெட்ரோலின் வரியும் இருந்தது. சாலைக்காக வரி கட்டினார், சாலையில் தள்ளிக்கொண்டு போனார். 'என் வரிப்பணம்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்?

பழைய கதை என்று நண்பன் சொல்வான். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். அந்தப் புல்லட்டுக்கும் ஷோரூமிலேயே 12 சதவீதமோ அதற்கு முந்தைய வீதமோ கட்டித்தான் நம்பர் வாங்கியிருப்பார்கள். 350 சி.சி.க்கு எவ்வளவு வரி என்று சட்டத்தில் இருக்கிறது. எந்தச் சாதிக்கு எத்தனை சி.சி. என்று எழுதாத ஒரு பட்டியலும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பனின் சாதியை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டெலிவரி எடுத்த மறுநாளே பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டான்.

எனக்கு அவன் கார்மீது பொறாமையில்லை. அவன் கட்டிய வரியைக் குறைக்கவும் கேட்க மாட்டேன். நான் கேட்பவை வேறு. 20 லட்சத்தோடு ஏணியை நிறுத்தாதே, 50 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் தனி அடுக்கு வை. அடுக்கைத் தாண்டும் தொகைக்கு மட்டும் கூடுதல் வீதம் போடு. பிழைப்புக்கு ஓடும் இருசக்கர வண்டிக்குப் பழைய 8 சதவீதத்தைத் திருப்பிக் கொடு. மின்சாரக் கார் சலுகைக்கு விலை வரம்பு வை. வருகிற பணத்தில் ஊராட்சி ஒன்றியத்தின் சாலை காலனி வாசலோடு நிற்காமல் உள்ளே வரட்டும். அரசியல் கட்சிகள் இதைப் பேசாததற்குக் காரணம் ஓட்டு இல்லை. இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களிடம்தான் ஓட்டு அதிகம். பேசுகிற மேடைகள் கார்க்காரர்களின் செலவில் போடப்படுகின்றன, அவ்வளவுதான்.

இதில் பாதியைச் சுருக்கிக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவன் தலைப்பை மாற்றக் கிரிக்கெட் வீடியோ போட்டான். நண்பன் தனியாக எழுதினான். "நீ எதுக்கெடுத்தாலும் சாதியக் கொண்டு வர்ற மச்சி. சரி விடு, தீபாவளிக்கு ஊருக்கு வர்றேன். புது வண்டில வீட்டு வாசலுக்கே வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்." அவன் அன்பு பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

"மெயின் ரோட்லயே நில்லு, நான் நடந்து வந்துடறேன்" என்று பதில் போட்டேன். எங்கள் தெருவின் அகலம் ஆறடி. உன் வண்டி உள்ளே வராது மச்சி.